ஆன்டிபயாடிக் எடுக்கும்போது வயித்தைப் பாத்துக்கறது எப்படி? புதுசா கோர்ஸ் ஆரம்பிக்கறவங்களுக்கு

ஆன்டிபயாடிக் ஆரம்பிச்ச ரெண்டாவது மூணாவது நாள்ல பல பேருக்கு வயிறு கடமுடன்னு சத்தம் போட ஆரம்பிக்கும், வாய் கசக்கும், சாப்பாட்டு வாசனை வந்தாலே குமட்டும், பாத்ரூமுக்கு ரெண்டு நடை கூடுதலா போக வேண்டி வரும். அப்ப சுத்தி இருக்கறவங்க ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. தயிர் நிறைய சாப்பிடுன்னு ஒருத்தர், தயிரைத் தொடவே தொடாதன்னு இன்னொருத்தர், ப்ரோபயாடிக் கேப்சூல் (உயிருள்ள நல்ல கிருமிங்களை அடைச்ச மாத்திரை) போட்டா எல்லாம் சரியாயிடும்னு மூணாவது ஆள். மூணு பேர் சொல்றதுலயும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா எந்த மருந்து, எத்தனை மணிக்குப் போடறோம், கோர்ஸ் நடந்துட்டு இருக்கா முடிஞ்சிடுச்சா, இதையெல்லாம் பாக்காம பொத்தாம்பொதுவா சொன்னா உதவாது.

நான் இதைப் பிரிச்சுப் பாக்கற விதம் இதுதான். கோர்ஸ் நடக்கற நாள்ல சாப்பாட்டுக்கு மூணே வேலை, மருந்து ஒழுங்கா உடம்புல சேர வழி விடணும், வயித்தைப் படுத்தாம இருக்கணும், தண்ணிச் சத்து குறையாம பாத்துக்கணும். குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியாவைத் திரும்ப வளத்தெடுக்கற வேலை பெரும்பாலும் கோர்ஸ் முடிஞ்ச பிறகு வர்ற வாரங்கள்ல தான் நடக்கும். நிறைய பேர் இதைத் தலைகீழா பண்றாங்க, மாத்திரை போடற அஞ்சு நாளும் தயிர், கேப்சூல்னு அள்ளிக் கொட்டிட்டு, மாத்திரை முடிஞ்ச மறுநாளே எல்லாத்தையும் மறந்துடறாங்க.

உள்ள என்னதான் நடக்குது

நம்ம உடம்புல சுமாரா 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்கும்னு 2016ல வந்த ஒரு கணக்கு சொல்லுது, அதுல பெரும்பங்கு பெருங்குடல்ல தான். நம்மால செரிக்க முடியாத நார்ச்சத்தை இதுங்க தான் நொதிக்க வெச்சு, பியூட்டிரேட் மாதிரி சின்னச் சின்ன கொழுப்பு அமிலங்களா மாத்துது. பெருங்குடலோட உள்சுவர்ல இருக்கற செல்களுக்கு முக்கியமான எரிபொருளே அந்த பியூட்டிரேட் தான்.

ஆன்டிபயாடிக்குக்கு தொண்டையில இருக்கற கெட்ட பாக்டீரியா எது, குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியா எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது, தன்னால கொல்ல முடிஞ்சதையெல்லாம் கொல்லும். அதனால மூணு விஷயம் நடக்கலாம். நொதிக்க வைக்க ஆள் குறைஞ்சதால மாவுச்சத்தும் நார்ச்சத்தும் குடல்ல அப்படியே தங்கி தண்ணியை இழுத்துக்கும், மலம் இளகிப் போகும். ரெண்டாவது, எரித்ரோமைசின் மாதிரி சில மருந்து குடல் தசையையே நேரடியா வேகமா இயங்க வெச்சிடும், வயித்து இழுப்பு வர்றது அதனால தான். மூணாவது தான் கவனமா இருக்க வேண்டியது. பஸ்ல சீட் காலியானா முதல்ல ஏர்றவங்க உக்காந்துக்கற மாதிரி, நல்ல பாக்டீரியா இருந்த இடத்துல வேற ஏதாவது வந்து உக்காந்துக்கும். அப்படி வர்றதுல ரொம்ப மோசமானது க்ளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில்ங்கற பாக்டீரியா, சுருக்கமா சி.டிஃப்னு சொல்லுவாங்க. கிளிண்டாமைசின், செஃபலோஸ்போரின் வகை, சிப்ரோஃப்ளாக்சசின் வகை, அமாக்சிசிலினோட கிளாவுலனேட் சேர்ந்தது, இதுங்கள்ல அந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல்.

இதைப் படிச்சுட்டு பயந்து மாத்திரையை நிறுத்திடாதீங்க. மருந்தைப் பொறுத்து நூத்துல 5 பேர்ல இருந்து 30 பேர் வரைக்கும் லூஸ் மோஷன் வரலாம்னு சொல்றாங்க, அதுலயும் பெரும்பாலானவங்களுக்கு லேசா வந்து தானா நின்னுடும். மிச்சம் இருக்கறவங்களுக்கு ஒண்ணுமே ஆகறதில்ல. உங்களுக்கு வயிறு நல்லா இருந்தா வழக்கமா சாப்பிடறதையே சாப்பிடுங்க, சும்மா பத்தியம் இருந்து உடம்பைப் பலவீனமாக்கிக்க வேண்டாம்.

ஸ்டெப் 1: மாத்திரை அட்டையைப் பிரிக்கறதுக்கு முன்னாடி

முதல்ல இந்த மருந்து தேவையான்னே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. சாதாரண சளி, ஃப்ளூ எல்லாம் வைரஸால வர்றது, அதுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. தேவையில்லாத கோர்ஸைத் தவிர்க்கறதை விட குடலுக்குப் பெரிய நல்லது எதுவும் கிடையாது. தேவைன்னு டாக்டர் சொல்லிட்டா ஒழுங்கா எடுங்க.

அப்புறம் டாக்டர்கிட்டயோ மருந்து தர்ற ஃபார்மசிஸ்ட்கிட்டயோ இதையெல்லாம் கேளுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா? பால், தயிர் கூட சேர்த்துக்கலாமா, இல்ல இடைவெளி விடணுமா? நான் ஏற்கனவே போடற மாத்திரையோட (கால்சியம், இரும்பு, அசிடிட்டி மருந்து, ரத்தம் உறையாம இருக்கப் போடறது எல்லாம் சொல்லுங்க) மோதுமா? ஒரு டோஸ் மறந்துட்டா என்ன பண்ணணும்? கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க, ரெண்டு நிமிஷம் தான் ஆகும். பதிலை மாத்திரை அட்டை மேலயே எழுதி ஒட்டி வெச்சுடுங்க, காய்ச்சல்ல கிடக்கும்போது எதுவும் ஞாபகம் வராது.

ஸ்டெப் 2: மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நேரம் பிரிக்கறது

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பகுதியைத் தான் படிப்பீங்கன்னா இதைப் படிங்க, ஏன்னா தயிர் சாப்பிடலாமா கூடாதாங்கற சண்டைக்கு பதில் இங்க தான் இருக்கு.

சில ஆன்டிபயாடிக் மாத்திரைங்க கால்சியம், இரும்பு, மெக்னீசியம், துத்தநாகம் இதோடெல்லாம் குடல்லயே ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா ரத்தத்துக்குள்ள போகாது, மலத்தோட வெளிய போயிடும். டெட்ராசைக்ளினைப் பாலோட போட்டா உடம்புல சேர்ற அளவு பாதிக்கும் மேல குறைஞ்சு போகலாம். சிப்ரோஃப்ளாக்சசினைப் பால் அல்லது தயிரோட போட்டா சுமாரா மூணுல ஒரு பங்கு குறையும். அதாவது வயித்துக்கு நல்லதுன்னு நினைச்சு மாத்திரையை ஒரு கிண்ணம் தயிரோட முழுங்கினா, நோய்க்குப் போக வேண்டிய மருந்தோட அளவை நாமளே குறைச்சுடறோம். டாக்ஸிசைக்ளின்ல இந்த பாதிப்பு கொஞ்சம் கம்மி தான், ஆனாலும் இரும்பு மாத்திரை, அசிடிட்டி மருந்து கூட சேர்க்கக் கூடாது.

அமாக்சிசிலினுக்கு இந்தப் பிரச்சனையே இல்ல, பால் குடிங்க, தயிர் சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது. தயிரே கூடாதுன்னு சொல்றவங்க எப்பவோ வேற ஒரு மருந்துக்குக் கேட்டதை எல்லா மருந்துக்கும் சேர்த்துச் சொல்லிடறாங்க.

நடைமுறையில எப்படின்னு ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். சிப்ரோஃப்ளாக்சசின் ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, கூடவே தினம் ஒரு கால்சியம் மாத்திரையும் போடறவங்கன்னு வெச்சுக்குவோம். சிப்ரோ காலைல 7 மணி, ராத்திரி 7 மணி. கால்சியம் மாத்திரையை சிப்ரோ போட்டு 2 மணி நேரம் கழிச்சுத் தான் போடணும், அடுத்த சிப்ரோவுக்குக் குறைஞ்சது 6 மணி நேரம் முன்னாடியே போட்டு முடிச்சுடணும். காலைல 7 கூட 2 சேர்த்தா காலைல 9 மணி, ராத்திரி 7ல இருந்து 6 கழிச்சா மதியம் 1 மணி. ஆக கால்சியம் மாத்திரைக்குக் கிடைக்கற நேரம் காலைல 9 மணில இருந்து மதியம் 1 மணி வரைக்கும் மட்டும் தான். மதியச் சாப்பாட்டை 1 மணிக்குள்ள முடிச்சு, அதுலயே தயிரையும் சேர்த்துக்கிட்டா எல்லாம் ஒரே இடத்துல முடிஞ்சுடும், காலைலயும் ராத்திரியும் யோசிக்கவே வேண்டாம். இரும்பு மாத்திரையும் இதே நேரத்துக்குள்ள தான் வரணும், ஆனா கால்சியமும் இரும்பும் ஒண்ணோட ஒண்ணு மோதும், அதனால அதுக்கு நடுவுலயும் இடைவெளி விடணும். இப்படி ரெண்டு மூணு சத்து மாத்திரை இருந்தா கோர்ஸ் முடியற வரைக்கும் அதை நிறுத்தி வைக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேக்கறது தான் சுலபம், பெரும்பாலும் சரின்னு தான் சொல்லுவாங்க.

சிப்ரோ போடறவங்க காஃபியையும் குறைச்சுக்கணும். காஃபில இருக்கற கஃபீனைக் கல்லீரல் உடைக்கற வேகத்தை இந்த மருந்து குறைச்சுடுது, அதனால வழக்கமா குடிக்கற அதே ரெண்டு கப்புக்கே கை நடுக்கம், படபடப்பு, ராத்திரி தூக்கமில்லாம புரள்றதுன்னு வரலாம். நோய் முத்திடுச்சோன்னு பயப்படுவாங்க, காரணம் காஃபியா இருக்கும்.

மத்த மருந்துங்க பத்திச் சுருக்கமா சொல்லிடறேன். அமாக்சிசிலின் கிளாவுலனேட் மாத்திரையைச் சாப்பிட ஆரம்பிக்கும்போதே போடறது நல்லது, குமட்டல் குறையும், மருந்தும் நல்லா சேரும். செஃப்யூராக்சிம், நைட்ரோஃப்யூரன்டாயின் ரெண்டும் சாப்பாட்டோட. ஃப்ளூக்ளாக்சசிலின் வெறும் வயித்துல, அதாவது சாப்பிடறதுக்கு 1 மணி நேரம் முன்னாடி இல்ல சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சு. டாக்ஸிசைக்ளின் போட்டா ஒரு முழு கிளாஸ் தண்ணி குடிச்சுட்டு குறைஞ்சது அரை மணி நேரமாவது படுக்காம நிமிந்து உக்காந்திருக்கணும், இல்லன்னா மாத்திரை உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டு புண்ணாக்கிடும், ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு மடக்குத் தண்ணில முழுங்கிட்டுப் படுக்கறவங்களுக்குத் தான் இது அதிகமா வருது. மெட்ரோனிடசோல் எடுத்தா கோர்ஸ் முடிஞ்சு குறைஞ்சது 2 நாள் வரைக்கும் மது கூடாது, சில நாடுகள்ல மருந்தோட வர்ற குறிப்புல 3 நாள்னு போட்டிருக்கும், 3 நாள்னே வெச்சுக்குங்க. டினிடசோலுக்கும் 3 நாள்.

லைன்சோலிட்னு ஒரு மருந்து இருக்கு, கொஞ்சம் கடுமையான தொற்றுக்குத் தருவாங்க. இதை எடுக்கும்போது நாள்பட்ட சீஸ், சோயா சாஸ், புளிக்க வெச்ச சோயா, புளிக்க வெச்ச முட்டைக்கோஸ், பதப்படுத்திக் காய வெச்ச இறைச்சி எல்லாத்தையும் தவிர்க்கணும், இதுங்கள்ல இருக்கற டைரமைன்ங்கற பொருள் அந்த மருந்தோட சேர்ந்து ரத்த அழுத்தத்தை திடீர்னு ஏத்தி விட்டுடும். "குடலுக்குப் புளிச்ச உணவு நல்லது" ங்கறதை எல்லாருக்கும் எல்லா நேரத்துக்கும் சொல்ல முடியாதுங்கறதுக்கு இது ஒண்ணே போதும்.

ஸ்டெப் 3: கோர்ஸ் நடக்கும்போது தட்டுல என்ன இருக்கணும்

வயிறு சரியா இருக்கறவங்க இதைத் தாண்டிப் போயிடலாம். குமட்டல், உப்புசம், இளகின மலம்னு இருக்கறவங்களுக்குத் தான் இது.

மூணு வேளை வயிறு முட்ட சாப்பிடறதை விட, அஞ்சாறு வேளையா கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க. குழைய வெச்ச சோறு, கஞ்சி, வேக வெச்ச உருளைக்கிழங்கு, பழுத்த வாழைப்பழம், ஓட்ஸ், வேக வெச்ச கேரட், டோஸ்ட் இதெல்லாம் வயித்துக்கு சுமையா இருக்காது. ஆனா இதையே முழு நாளும் சாப்பிட்டுட்டு இருந்தா புரதம் கம்மியாயிடும், உடம்பு நோயோட போராடிட்டு இருக்கற நேரத்துல அது நல்லதில்ல. முட்டை, மீன், கோழி, நல்லா மசிய வேக வெச்ச பருப்பு, இதுல ஏதாவது ஒண்ணு ஒவ்வொரு வேளையும் கொஞ்சமாவது இருக்கட்டும்.

நார்ச்சத்துல ரெண்டு வகை இருக்கு, தண்ணில கரையறது ஒண்ணு, கரையாதது இன்னொண்ணு. ஓட்ஸ், வாழைப்பழம், தோல் எடுத்து வேக வெச்ச ஆப்பிள், கேரட் இதுங்கள்ல கரையற வகை நிறைய இருக்கு, இது தண்ணியைப் பிடிச்சுக்கிட்டு மலத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கும், மிச்சம் இருக்கற நல்ல பாக்டீரியாவுக்கும் தீனியாகும். பச்சைக் காய்கறி சாலட், தவிடு, கொட்டை விதைங்க எல்லாம் லூஸ் மோஷன் இருக்கற நாள்ல தொந்தரவு பண்ணும், நாலு நாள் கழிச்சு சாப்பிட்டுக்கலாம்.

தள்ளி வைக்க வேண்டியது: எண்ணெய்ல பொரிச்சது, ரொம்பக் காரம், சோடா வகை பானம், கிளாஸ் கிளாஸா பழச்சாறு. சுகர் ஃப்ரீன்னு போட்ட மிட்டாய், சூயிங்கம் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, சார்பிட்டால், மானிட்டால், சைலிட்டால்னு போட்டிருந்தா வேண்டாம், நல்லா இருக்கற வயித்தையே அது இளக்கி விடும். வழக்கமா பால் ஒத்துக்கறவங்களுக்குக் கூட இந்த நாள்ல பால் குடிச்சா வயிறு ஊதலாம், அப்படின்னா ஒரு வாரம் பாலை விட்டுட்டு தயிருக்கு மாறுங்க, தயிர்ல லாக்டோஸ், அதாவது பால்ல இருக்கற சர்க்கரை, கொஞ்சம் உடைஞ்சிருக்கும்.

மெட்ரோனிடசோல் போடறவங்களுக்கு வாய்ல இரும்பு நக்கின மாதிரி ஒரு ருசி வரும், எதைச் சாப்பிட்டாலும் அதே ருசி தான். எலுமிச்சை பிழிஞ்ச தண்ணில வாய் கொப்பளிக்கறது, சூடா சாப்பிடறதுக்குப் பதிலா ஆற வெச்சு சாப்பிடறது, ஸ்டீல் ஸ்பூனுக்குப் பதிலா மரத்தோடதோ பிளாஸ்டிக்கோ எடுத்துக்கறது, இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா சாப்பாடு உள்ள இறங்கறதுக்கு நிஜமாவே உதவும்.

ஸ்டெப் 4: தயிரும் ப்ரோபயாடிக்கும்

தயிர் வாங்கினா லேபிள்ல உயிருள்ள கல்ச்சர் இருக்குன்னு போட்டிருக்கான்னு பாருங்க. உறைஞ்ச பிறகு சூடு பண்ணி பேக் பண்ணின தயிர்ல பாக்டீரியா உயிரோட இருக்காது. சர்க்கரை சேர்த்த பழ ஃப்ளேவர் வேண்டாம், சாதா தயிர் போதும். மாத்திரைக்கும் தயிருக்கும் 2 மணி நேரம் இடைவெளி விட்டா அதுல இருக்கற பாக்டீரியாவுக்குக் கொஞ்சம் பிழைக்க வழி கிடைக்கும்.

கேப்சூல் விஷயத்துல, பேர் பார்த்து வாங்கணும். "ப்ரோபயாடிக்" ன்னு மொத்தமா ஒரு பொருள் கிடையாது, எந்த வகை பாக்டீரியாங்கறது தான் முக்கியம். ஆன்டிபயாடிக்கால வர்ற பேதிக்கு அதிகமா ஆராய்ச்சி பண்ணினது ரெண்டு, லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜிஜி, சாக்கரோமைசஸ் பவுலார்டி. ரெண்டாவது பாக்டீரியாவே இல்ல, அது ஒரு ஈஸ்ட், அதனால ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. பூஞ்சைத் தொற்றுக்கு மருந்து எடுக்கறவங்களுக்கு மட்டும் அது செத்துடும்.

பலன் இருக்கான்னா, இருக்கு, ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. பல ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து அலசற காக்ரேன்ங்கற அமைப்பு 2017ல வெளியிட்ட தொகுப்புல, ஆன்டிபயாடிக் எடுத்தவங்கள்ல ப்ரோபயாடிக் எடுக்காதவங்களுக்கு நூத்துக்கு 4 பேர்னு சி.டிஃப் பேதி வந்துச்சு, எடுத்தவங்களுக்கு நூத்துக்கு ஒண்ணரை தான். ஆனா அந்தப் பலன் பெரும்பாலும் ஏற்கனவே ஆபத்து அதிகமா இருந்தவங்களுக்குத் தான் தெரிஞ்சது. குழந்தைகளைப் பத்தி 2019ல வந்த தொகுப்புல பேதி வந்தவங்க நூத்துக்கு 19ல இருந்து 8ஆ குறைஞ்சாங்க.

இதுக்கு எதிர்ப்பக்கமும் சொல்லணும். 2018ல இஸ்ரேல்ல இருக்கற வைஸ்மேன் இன்ஸ்டிட்யூட்ல பண்ணின ஒரு சின்ன ஆய்வுல, ஆன்டிபயாடிக் முடிஞ்ச பிறகு பல வகை கலந்த ப்ரோபயாடிக் எடுத்தவங்களுக்கு அவங்க சொந்த குடல் பாக்டீரியா திரும்பி வர்றது தாமதமாச்சு, எதுவும் எடுக்காம தானா விட்டவங்களுக்கு சீக்கிரமா திரும்புச்சு. ஆக பேதியைத் தடுக்கறது ஒண்ணு, பழைய பாக்டீரியா கூட்டத்தைத் திரும்பக் கொண்டு வர்றது வேற ஒண்ணு.

என்னோட கருத்து: வேற நோய் இல்லாத ஆள், சின்ன கோர்ஸ்னா கேப்சூல் கட்டாயம் இல்ல, உயிருள்ள தயிர் ஒத்துக்கிட்டா அது போதும். வயசானவங்க, ஆஸ்பத்திரில அட்மிட் ஆகியிருக்கறவங்க, முன்னாடி சி.டிஃப் வந்தவங்க டாக்டர்கிட்ட கேட்டு எடுக்கறது அர்த்தமுள்ளது. கீமோதெரபி எடுக்கறவங்க, உறுப்பு மாற்று பண்ணினவங்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கற மருந்து போடறவங்க, பெரிய ரத்தக்குழாய்ல லைன் போட்டிருக்கறவங்க, குறைமாசக் குழந்தைங்க, இவங்களுக்கு டாக்டர் சொல்லாம ப்ரோபயாடிக் கொடுக்கவே கூடாது. உயிருள்ள கிருமி ரத்தத்துக்குள்ள போய் பெரிய ஆபத்தாயிடும்.

ஸ்டெப் 5: லூஸ் மோஷன் ஆரம்பிச்சிட்டா

முதல் வேலை தண்ணியும் உப்பும். ஓஆர்எஸ் பாக்கெட் வீட்டுல ஒண்ணு ரெண்டு முன்கூட்டியே வாங்கி வெச்சுடுங்க. 1 லிட்டர்னு போட்ட பாக்கெட்டை 1 லிட்டர் சுத்தமான குடிதண்ணில மொத்தமா கரைங்க. பாதி பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கண்ணளவா கலக்கறது, ருசிக்காக சர்க்கரை கூடுதலா போடறது, ஜூஸ்ல கலக்கறது இதெல்லாம் கூடவே கூடாது, சர்க்கரை உப்பு விகிதம் மாறிட்டா பேதி அதிகமாகும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கலவையில 1 லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதா உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். இந்த அளவுல இருந்தா தான் குடல் உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்து உறிஞ்சி, கூடவே தண்ணியையும் உள்ள இழுக்கும். கலக்கினதை 24 மணி நேரத்துக்குள்ள குடிச்சுடணும், மிச்சத்தைக் கொட்டிடுங்க.

பாக்கெட் கிடைக்கவே இல்லன்னா, 1 லிட்டர் தண்ணில தலை தட்டின டீஸ்பூனால 6 ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. கூம்பா அள்ளாதீங்க, கத்தியோட பின்பக்கத்தால மேல வழிச்சு விட்டு அளங்க. உப்பு கூடினா, முக்கியமா குழந்தைங்களுக்கு, ஆபத்து. ஒவ்வொரு தடவை போயிட்டு வந்த பிறகும் ஒரு கிளாஸ், ஒரே மூச்சுல இல்லாம மடக்கு மடக்கா. வாந்தி இருந்தா 10 நிமிஷம் விட்டு ஸ்பூன் ஸ்பூனா ஆரம்பிங்க.

பேதியை நிறுத்தற மாத்திரையை, லோபெரமைடு மாதிரி, நீங்களா போடாதீங்க. சி.டிஃப்பா இருந்தா குடலை நிறுத்தறது நச்சை உள்ளயே தேக்கி வெச்ச மாதிரி ஆகும்.

எப்ப டாக்டரைப் பாக்கணும்? மலத்துல ரத்தமோ சீழோ வந்தா, பேதியோட காய்ச்சல் இருந்தா, வயித்து வலி விடாம இருந்தா உடனே. தண்ணியா ஒரு நாளைக்கு 3 தடவைக்கு மேல போறது ரெண்டு நாளாகியும் நிக்கலைன்னாலும் பாத்துடுங்க. யூரின் அடர் மஞ்சளா கொஞ்சமா போறது, எழுந்து நின்னா தலை சுத்தறது, வாய் வறண்டு போறது, குழந்தை அழும்போது கண்ணீர் வராம இருக்கறது, இதெல்லாம் தண்ணி குறைஞ்சதுக்கான அடையாளம். உடம்பு முழுக்க தடிப்பு, முகமோ உதடோ வீங்கறது, மூச்சு வாங்கறது இதெல்லாம் அலர்ஜி, அது வயித்துப் பிரச்சனை இல்ல, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.

மருந்தை நிறுத்தலாமா வேற மாத்தலாமாங்கறதை டாக்டர் தான் முடிவு பண்ணணும். பேதி இருக்கற வீட்டுல கையை சோப்பு போட்டு ஓடற தண்ணில கழுவுங்க, ஹேண்ட் சானிடைசர் சி.டிஃப்போட வித்துக்களைக் கொல்லாது.

குழந்தை, வயசானவங்க, வார்ஃபரின் போடறவங்க

தாய்ப்பால் குடிக்கற குழந்தைக்கு அதை நிறுத்தவே வேண்டாம், இன்னும் அடிக்கடி கொடுங்க. சிரப்பை ஒரு முழு பாட்டில் பால்ல கலக்காதீங்க, குழந்தை பாதி குடிச்சு விட்டா எவ்வளவு மருந்து போச்சுன்னே தெரியாது, சிரிஞ்சால கன்னத்து ஓரமா விடறது நல்லது. 1 வயசுக்குக் கீழ தேன் கலந்து கொடுக்கக் கூடாது.

வயசானவங்களுக்குத் தாகம் தெரியறது குறைவு, அவங்க கேக்கற வரைக்கும் காத்திருக்காம நாமளே தண்ணி கொண்டு போய்க் கொடுக்கணும். வார்ஃபரின் (ரத்தம் உறையாம இருக்கப் போடற மருந்து) போடறவங்க ஆன்டிபயாடிக் ஆரம்பிச்ச சில நாள்லயே ரத்தப் பரிசோதனை பண்ணிக்கணும், பல ஆன்டிபயாடிக் அதோட வேகத்தை ஏத்திடும். சாப்பாடு குறைஞ்சு கீரை காய் எல்லாம் நின்னு போனாலும் அதே விளைவு தான்.

ஸ்டெப் 6: கோர்ஸ் முடிஞ்ச பிறகு

குடலுக்கு நிஜமான உதவி இங்க ஆரம்பிக்குது. 2018ல வந்த ஒரு ஆய்வுல, ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு 4 நாள் மூணு வலுவான ஆன்டிபயாடிக் சேர்த்துக் கொடுத்து 6 மாசம் கவனிச்சாங்க. ஒண்ணரை மாசத்துல குடல் பாக்டீரியா கிட்டத்தட்ட பழைய நிலைக்கு வந்துடுச்சு, ஆனா முன்னாடி எல்லார்கிட்டயும் இருந்த 9 வகை, 180 நாள் கழிச்சும் பெரும்பாலானவங்ககிட்ட காணலை. அவங்களுக்குக் கொடுத்தது நாம சாதாரணமா போடறதை விட ரொம்பக் கடுமையான கலவை, அதனால அப்படியே ஒப்பிட வேண்டாம், ஆனா வாரக் கணக்குல யோசிக்கணும்ங்கறது இதுல தெரியுது.

முதல் ரெண்டு மூணு நாள் எதையும் அவசரமா மாத்தாதீங்க. மலம் ஓரளவு கெட்டியான பிறகு நார்ச்சத்தை மெதுவா ஏத்துங்க. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 25 கிராம் நார்ச்சத்துன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒரு கப் வேக வெச்ச பயறு வகைல சுமாரா 15 கிராம், தோலோட ஒரு ஆப்பிள்ல 4 கிராம், அரை கப் ஓட்ஸ்ல 4 கிராம், அதாவது இந்த மூணுலயே 23 வந்துடுச்சு, கூட ரெண்டு காய் சேர்த்தா முடிஞ்சது. ஆனா இதை ஒரே நாள்ல பண்ணாதீங்க, வயிறு ஊதி வெடிக்கற மாதிரி இருக்கும், பயந்து எல்லாத்தையும் விட்டுடுவீங்க. முதல் வாரம் கால் கப் பயறு, அடுத்த வாரம் அரை கப்புன்னு போங்க, தண்ணியும் கூடவே ஏத்துங்க, இல்லன்னா மலச்சிக்கல் வரும்.

வெங்காயம், பூண்டு, லேசா காய்பதமா இருக்கற வாழைப்பழம், சமைச்சு ஆற வெச்ச சோறும் உருளைக்கிழங்கும், இதுங்கள்ல பெருங்குடல் வரைக்கும் செரிக்காம போய்ச் சேர்ற சத்து இருக்கு, பாக்டீரியாவுக்கு நேரடித் தீனி. ஆற வெச்ச சோத்தை ஃப்ரிட்ஜ்ல வையுங்க, மணிக்கணக்கா வெளிய வெச்சிருந்ததை சாப்பிட்டா வேற கிருமி வந்து சேரும். ஒரே காயைத் திரும்பத் திரும்ப சாப்பிடறதை விட வாராவாரம் காய், பழம், பயறு, தானியம், விதைன்னு வகையை மாத்திக்கிட்டே இருங்க, ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் பிடிச்ச நார் வேற வேற.

புளிச்ச உணவுக்கு இப்ப தான் சரியான நேரம். ஸ்டான்ஃபோர்டுல 36 பேரை வெச்சு 10 வாரம் பண்ணி 2021ல வெளியிட்ட ஆய்வுல, தயிர், கெஃபிர், கிம்ச்சி மாதிரி புளிக்க வெச்ச உணவை நிறைய சாப்பிட்டவங்களுக்கு குடல் பாக்டீரியா வகைகள் கூடுச்சு, உடம்புல அழற்சியைக் காட்டற பல புரதங்களும் குறைஞ்சது. நார்ச்சத்தை மட்டும் ஏத்தினவங்களுக்கு அந்த 10 வாரத்துக்குள்ள வகைகள் கூடலை. அவங்க யாரும் ஆன்டிபயாடிக் முடிச்சவங்க இல்ல, ஆனாலும் ரெண்டையும் சேர்த்து சாப்பிடறதுல நஷ்டம் ஒண்ணும் இல்லன்னு நான் நினைக்கிறேன். தினம் ஒரு சின்ன கிண்ணம் தயிர்ல ஆரம்பிச்சா போதும்.

குடலைக் கழுவறேன், டீடாக்ஸ் பண்றேன்னு பேதி மருந்து எதுவும் எடுக்காதீங்க, அது மிச்சம் இருக்கறதையும் அடிச்சுட்டுப் போயிடும். மிச்சமான மாத்திரையை அடுத்த தடவைக்குன்னு டப்பால எடுத்து வைக்காதீங்க, ஃபார்மசில திருப்பிக் கொடுக்க முடியுமான்னு கேளுங்க.

கடைசியா, மருந்து முடிஞ்ச தேதியைக் காலண்டர்ல குறிச்சு வெச்சுக்குங்க. சி.டிஃப் பேதி கோர்ஸ் நடக்கும்போது மட்டும் இல்ல, முடிஞ்சு 2, 3 மாசம் வரைக்கும் கூட வரலாம். அந்த இடைவெளில தண்ணியா பேதி ஆரம்பிச்சா, போன வாரம் வெளிய சாப்பிட்டதா இருக்கும்னு நீங்களா முடிவு பண்ணாம, டாக்டர்கிட்ட போனதுமே எந்த ஆன்டிபயாடிக், எந்தத் தேதி வரைக்கும் எடுத்தீங்கன்னு முதல்ல சொல்லுங்க, என்ன டெஸ்ட் எடுக்கணும்னு அவர் அதை வெச்சுத் தான் முடிவு பண்ணுவார்.